நோயின் தீவிரத்தை அறியாத மாமாவுக்காக, பிரித்தானியாவில் மாற்றுத்திறனாளி உதவித்தொகை கோர முடியுமா?

முடியும். லண்டனில் வசிக்கும் 58 வயதான உங்கள் மாமாவுக்குப் புற்றுநோய் நான்காம் கட்டத்தில் இருப்பதாகவும், வீட்டார் அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாழ்நாளின் இறுதிக் கட்டத்தில் இருப்போருக்கான சிறப்பு விதிகளின்படி, அவருக்குத் தெரிவிக்காமலேயே அவர் சார்பில் நீங்கள் பிஐபி (PIP) எனப்படும் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

என் அத்தானுக்காக இதைச் செய்யும்போது எங்கள் வீட்டாரைத் தயங்க வைத்தது பழைய ஆறு மாதக் கணக்குதான். நோயாளி ஆறு மாதத்துக்குள் இறந்துவிடக்கூடும் என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டியிருந்தது. இயக்க நரம்பணு நோய் போன்றவற்றில் அதை யாரால் அப்படி அறுதியிட்டுச் சொல்ல முடியும்? மேரி கியூரி போன்ற தொண்டு நிறுவனங்கள் தொடர்ந்து வற்புறுத்திய பிறகு, பிஐபியைப் பொறுத்தவரை 2023 ஏப்ரலில் அது 12 மாதமாக நீட்டிக்கப்பட்டது. (ஸ்கொட்லாந்தில் கால வரம்பே இல்லை.) நோயாளி ஓராண்டுக்குள் இறந்தால் தமக்கு அது வியப்பாக இருக்காது என்று மருத்துவர் கருதினாலே இப்போது எஸ்ஆர்1 (SR1) என்ற மருத்துவச் சான்றுப் படிவத்தை நிரப்பலாம். ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவர்தான் நிரப்ப வேண்டும் என்பதில்லை. அத்தானுக்கு நிரப்பியவர் புற்றுநோய்ப் பிரிவின் சிறப்புத் தாதி. வார்டுக்கு வெளியே அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டதும், அவர் கேள்வி எதுவும் கேட்காமல் அன்றே அனுப்பிவைத்தார்.

அந்தப் படிவம் மாமாவுக்கு நாள் குறிப்பதாகாது. ஓராண்டைத் தாண்டி அவர் நலமாக இருந்தாலும் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். வழக்கமாக மூன்று ஆண்டுகளுக்கே வழங்குகிறார்கள். மற்றவர்களுக்கு உள்ள மூன்று மாதக் காத்திருப்பும், நீண்ட வினாப் படிவமும், நேர்முக மதிப்பீடும் இதில் இல்லை. அன்றாட வாழ்வுக்கான பகுதி உயர்ந்த விகிதத்திலேயே கிடைக்கும், நடமாட்டத்துக்கான பகுதிக்கு மட்டும் தொலைபேசியில் சில கேள்விகள் கேட்பார்கள்.

நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து அல்ல, விண்ணப்பித்த நாளிலிருந்துதான் தொகை கணக்கிடப்படும் என்பதால், வீட்டில் பேசி முடிவெடுக்கட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அவருக்கு இழப்பே. ஆனால் பணமும் கடிதங்களும் மாமாவின் பெயருக்கே வரும். அவர் தபாலைப் பிரித்துப் பார்த்துத் தானே ஊகித்துத் தவிப்பதைவிட, உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்ற அளவிலாவது அத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. நாளைக் காலையிலேயே அவருடைய சிறப்புத் தாதியை அழைத்து எஸ்ஆர்1 கேளுங்கள்; பிறகு பிஐபி எண்ணை அழைத்து, சிறப்பு விதிகளின் கீழ் விண்ணப்பிப்பதாக எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.