மந்தநிலைக்குத் தேதி குறிப்பவர் யார்?

வணக்கம் சார்,

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். எங்களுக்கு 2016 நோட்டு வாபஸிலேயே வியாபாரம் படுத்துவிட்டது. செய்தியிலோ மந்தநிலை 2020-இல்தான் வந்தது என்றார்கள். அமெரிக்காவில் தேதி குறிக்கவே ஒரு குழு இருக்கிறதாமே? ரிசர்வ் வங்கி நம் மும்பையில்தானே இருக்கிறது, அவர்கள் குறிப்பதில்லையா?

எஸ்., தாராவி

அன்புள்ள எஸ்.,

இல்லை. அதிகாரபூர்வமாகத் தேதி குறிக்கும் குழு இந்தியாவில் கிடையாது. 2020-இல் அடுத்தடுத்து இரண்டு காலாண்டுகள் ஜிடிபி சுருங்கியது. அதை வைத்துத்தான் மந்தநிலை என்றார்கள். எளிதில் நினைவில் நிற்கும் விதி, அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லும் அமெரிக்கக் குழு 1978-இலிருந்து இருக்கிறது. என்பிஇஆர் என்ற தனியார் ஆய்வு அமைப்பைச் சேர்ந்தது, அரசினுடையது அல்ல. வேலைவாய்ப்பு, வருமானம், தொழில் உற்பத்தி ஆகியவற்றை மாதவாரியாகப் பார்த்து, சரிவு எவ்வளவு ஆழம், எத்தனை துறைகளுக்குப் பரவியது, எவ்வளவு காலம் நீடித்தது என்று எடைபோடுவார்கள். அவசரமே படமாட்டார்கள். 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தத்தை அறிவிக்க 2008 டிசம்பர் ஆயிற்று. கொரோனா மந்தம் 2020 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது என்பதை 2021 ஜூலையில்தான் சொன்னார்கள்!

இந்த முறை அப்படியே நமக்குப் பொருந்தாது. 1979-80க்கு அப்புறம் நம் ஜிடிபி ஒரு முழு ஆண்டுக்குச் சுருங்கியது 2020-21-இல்தான். இடையில் நாற்பது ஆண்டுகள் மந்தமே இல்லை என்றால் உங்கள் தெருவில் யார் நம்புவார்கள்? அதனால் இங்குள்ள ஆய்வாளர்கள் பலர் நீண்டகாலப் போக்கை ஒரு கோடாக வரைந்து, வளர்ச்சி அதற்கு மேலே போகிறதா, கீழே இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். இதிலும் ஒரு தொல்லை உண்டு. புது எண்கள் வர வர அந்தக் கோடே நகரும். கடைசி ஓரிரு ஆண்டுகளைப் பற்றி யார் அடித்துச் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

உங்கள் 2016 சிக்கல் வேறு வகை. சிறு பட்டறைகளைக் காலாண்டுக் கணக்கில் நேரடியாக அளக்கவில்லை. பெரும்பாலும் கம்பெனிகளின் எண்களை வைத்தே ஊகித்தார்கள். அடி விழுந்தது பட்டறையில், பார்த்தது பாலன்ஸ் ஷீட்டை. பின்னால் திருத்திய கணக்கில் 2016-17 வளர்ச்சி 8 சதவீதத்துக்கும் மேல்!

அதற்காக அதை நாடு தழுவிய மந்தம் என்றும் நான் சொல்லமாட்டேன். எவ்வளவு பரவியது என்று பார்க்க, நாடு முழுவதற்குமான மாதாந்திர அரசு வேலைவாய்ப்புக் கணக்கு வேண்டும். அது 2025-இல்தான் வரத் தொடங்கியது.