நான்கு பங்குக் கிணறு

மதிப்பிற்குரிய ஐயா,

குடியாத்தத்தைச் சேர்ந்த நான் சென்னையில் பணிபுரிகிறேன். எனக்குத் தெரிந்த வேலையையெல்லாம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒளிக்காமல் கற்றுக்கொடுத்தேன். அவர்களுள் ஒருவர் இன்று எனக்கு மேலதிகாரி. போட்டியிட்டு வெல்பவனுக்கே இடம், உயிர்களின் இயல்பே அதுதான் என்கிறார்கள் நண்பர்கள். விட்டுக்கொடுத்து வாழ்பவன் ஏமாளிதானா? வேறு வேலைக்குப் போய்விடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேலை மாறுவதைப் பற்றி உங்கள் வீட்டாரிடம் கேளுங்கள். உயிர்களின் இயல்பு பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் ‘விட்டுக்கொடுத்து’ என்பதுதான். சென்ற மாதம் அணைக்கட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் பழைய நிலத்துக்குப் போய்வந்ததிலிருந்து அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்களுடையது நான்கு பங்குக் கிணறு. மாடு பூட்டிக் கவலையால் நீர் இறைத்த காலத்திலிருந்தே நாளுக்கு ஒரு பங்கு என்பது முறை. ஐந்தாம் நாள் அது மீண்டும் முதல் பங்குக்கு வரும். என் பாட்டி தன் முறையில் கால் மணி நேரத்தைக்கூட எவருக்கும் விட்டதில்லை. விடியுமுன்பே அரிக்கேன் விளக்கோடு வரப்பில் போய் நின்று, முறை முடிந்தும் மாட்டை அவிழ்க்காத கொழுந்தனாரை ஊர் கேட்க ஏசுவாள். அதே கொழுந்தனாரின் மாடு நோயில் படுத்தபோது, எங்கள் மாடுகளை ஓட்டிப்போய் அவர் முறைக்கு நீர் இறைத்துக் கொடுக்கச் சொன்னவளும் அவளேதான். அவர் பயிர் காய்ந்து அவர் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டால், அடுத்த கோடையில் தூர் வார ஒரு வீட்டின் ஆட்கள் குறைவார்கள் என்பதை அவள் அறிவாள்.

நீங்கள் கற்றுக்கொடுத்தது நல்ல செயல். ஆனால் உங்கள் முறை வந்தபோது வாய் திறந்து கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. கேட்காமல் இருந்ததற்குப் பெருந்தன்மை என்று பெயர் வைத்துவிட்டு, இப்போது கற்றுக்கொடுத்ததையே பிழையென்று வருந்துகிறீர்கள். இது எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது. சேர்ந்து வாழ்கிறவர்கள் தத்தம் பங்கைக் கேட்டு வாங்குவார்கள்; கேட்காதவன் பங்கைப் பிறர் எடுத்துப் பழகிவிட்டால் முறையே குலைந்துபோகும். பாட்டி தன் கால் மணி நேரத்துக்காகப் போட்ட சண்டையும் அந்தக் கிணற்றைக் காத்தது என்றே நான் நம்புகிறேன்.

வென்றவரையும் நான் பார்த்திருக்கிறேன். 1990ஐ ஒட்டிப் பம்புசெட்டு மின்சாரம் எல்லா உழவர்களுக்கும் இலவசமான பிறகு, என் பெரியப்பா தன் நிலத்தில் முந்நூறு அடிக்குப் போர் போட்டார். எங்கள் பக்கம் கடினப் பாறை நிலம். மேலே சில பத்து அடிகளுக்கு உளுத்த பாறை இருக்கும். நீர் பெரும்பாலும் அதில்தான் தேங்கும். அதற்குக் கீழே பாறை வெடிப்புகளில் மட்டுமே கிடைக்கும். ஆழத்தில் ஒருவர் உறிஞ்சினால் மேலே இருக்கும் கிணற்றின் ஊற்று அறுந்துபோகும். பெரியப்பா நான்கு ஆண்டுகள் கரும்பு வைத்தார். பிறகு பக்கத்து நிலத்துக்காரர் ஐந்நூறு அடி போனார். அவருக்கு அடுத்தவர் எண்ணூறு. ஒவ்வொருவரும் முந்தியவரை வென்றார்கள், கடனும் வாங்கினார்கள். கடைசியில் வெறும் புழுதி பறந்தது. பெரியப்பா நிலத்தை விற்ற நாளில் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அவர் போர் போட்ட அன்று அவரிடம் போய்ப் பேசாமல் இருந்த மற்ற மூன்று பங்குக்காரர்களில் என் தந்தையும் ஒருவர்.

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்ததையும், ஊரக வேலைத் திட்டத்தில் வேலூர்ப் பகுதிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கூடி நீர் செறிவூட்டும் கிணறுகளும் தடுப்பணைகளும் அமைத்து அதை மீட்டதையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். தன் வயலுக்கு எவ்வளவு ஊறும் என்று தனித்தனியே கணக்குப் பார்த்திருந்தால் அந்த வேலை தொடங்கியே இருக்காது.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட அந்த மழைக்கு எங்கள் கிணற்றிலும் நீர் ஏறியது. பிறகு மண் சரிந்து தூர்ந்துவிட்டது. அதைத் தூர் வாருவது பற்றிப் பேசத்தான் சென்ற மாதம் நான்கு பங்குக்காரர்களின் பிள்ளைகளும் கூடினோம். நிலத்தை விற்றுவிட்டாலும், பேச்சுக்கு ஆள் வேண்டுமென்று பெரியப்பாவின் மகனும் வந்திருந்தான். கூலியைப் பிரிப்பதில் அரை நாள் வாக்குவாதம் நடந்தது. என் பங்கைக் கூட்டிக் கேட்டபோதும் நான் ஒப்பவில்லை. ஊரில் இல்லாதவன் என்று குறைக்க முன்வந்தபோதும் ஒப்பவில்லை. பேச்சு முடியவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் கூடுகிறோம்.