செப்சிஸ் குறைந்த பிறகும் அப்பாவுக்குக் கை கால் அசையவில்லை, இது பக்கவாதமா?

செப்சிஸ், அதாவது தொற்றால் உடம்பு முழுக்கப் பாதிக்கும் நிலை, வந்து ஐசியூவில் மூன்று வாரம், இப்போது நினைவு திரும்பிவிட்டது, ஆனால் கை கால் நான்கும் துவண்டு கிடக்கின்றன, வென்டிலேட்டரையும் எடுக்க முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நரம்புக் கடத்தல் சோதனை எடுக்கும் டெக்னீஷியன், டாக்டர் இல்லை. அதனால் உங்கள் அப்பாவுக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன், நான் தினமும் பார்ப்பதை மட்டும் சொல்கிறேன்.

பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத்தான் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பலம் போயிருந்தால், கடுமையான தொற்றோடு வரும் நரம்புப் பாதிப்பா என்று பார்ப்பார்கள். கனடாவில் போல்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் குழுவினரும் 1984-லேயே இதை எழுதிவிட்டார்கள்.

மெஷினை நான் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். டாக்டர் விரல் நகத்தின் மேல் பேனாவை வைத்து அழுத்துவார். நோயாளி முகத்தைச் சுளிப்பார், கண்ணை இறுக மூடுவார், ஆனால் கை வைத்த இடத்திலேயே கிடக்கும். வலி தெரிகிறது, முகத் தசை வேலை செய்கிறது, கையை இழுக்கத்தான் தெம்பில்லை. வீட்டுக்காரர்கள் இதைப் பார்த்து 'சுயநினைவே இல்லை போல' என்று அழுவதுதான் கொடுமை.

அப்புறம் முழங்கால் போன்ற இடங்களில் சின்ன சுத்தியலால் தட்டி, கை கால் தானாகத் துள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். இந்த நோயில் துள்ளல் குறைந்தோ இல்லாமலோ இருக்கும். அதிகமாகத் துள்ளினால் தண்டுவடத்தைச் சந்தேகித்து எம்ஆர்ஐ கேட்பார்கள். உடம்பில் மயக்க மருந்தின் மிச்சம், ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் அளவு, இவையும் பலத்தைக் குறைக்கலாம் என்பதால், எல்லாம் அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

என் சோதனையில் சின்ன ஷாக் கொடுத்து, சிக்னல் எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்று அளப்போம். இந்த நோயில் உயரம் சரிந்துவிடும், வேகம் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். கில்லன் பாரே என்று, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் இன்னொரு நோய் உண்டு; அதன் வழக்கமான வகையில் வேகமே குறையும், அதில் பலவீனம் பொதுவாக ஐசியூவுக்கு வருவதற்கு முன்பே தொடங்கியிருக்கும். ஒரு சிக்கல், இவர்களுக்குக் கால் வீங்கியிருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். அந்த வீக்கத்தின் மேல் உணர்வு நரம்பின் சிக்னல் எடுத்தால், சிக்னலே இல்லாதது போல கோடு நேராகவே ஓடும். அதை வைத்து நரம்பு செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது, வீக்கம் வடிந்ததும் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

தசையும் கூடவே கெட்டிருக்கலாம், அதற்கு ஊசி வைத்துப் பார்ப்பார்கள். பிசியோதெரபி தொடங்க அந்த ரிசல்ட் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.