ஒரு மணி நேரம் கிடைக்காதவருக்கு 150 நிமிடங்கள்

கேள்வி: எனக்கு வயது 42. காரைக்குடியில் குடியிருக்கிறேன், புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வாரத்தில் ஆறு நாள் வேலை. காலை எட்டேகாலுக்குப் பேருந்து ஏறினால் வீடு திரும்ப இரவு ஏழு ஆகிவிடும். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். 12, 8 வயதில் இரண்டு பிள்ளைகள், 71 வயதில் மாமியார். மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன்; எடை 66 கிலோ. தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்கிறார் டாக்டர். அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைப்பதே இல்லை. ஜிம்மில் ஆண்டுக்கு 14,000 ரூபாய் கட்டணம், அதோடு மாதம் 3,000 ரூபாய்க்குப் புரோட்டீன் பவுடர் வாங்க வேண்டும் என்கிறார்கள். சேரலாமா? அல்லது ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொத்தமாகச் செய்தால் போதுமா?

பதில்: ஜிம்மில் இப்போது சேர வேண்டாம். ஞாயிறு மட்டும் என்ற ஏற்பாடும் சர்க்கரை உள்ள உங்களுக்குப் பொருந்தாது. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்; அதற்கு முன், உங்களை மலைக்க வைத்திருக்கும் அந்த ஒரு மணி நேரக் கணக்கைச் சரிசெய்துவிடுவோம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், அதனோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை. கணக்கு வாரத்துக்கே தவிர நாளுக்கு அல்ல. முன்பெல்லாம் தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற நிபந்தனை இருந்தது. 2020-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் என்று சில்லறையாகச் சேர்ப்பதும் சேமிப்புதான். மருந்துச் சீட்டின் அடியில் 'நடைப்பயிற்சி செய்யவும்' என்று ஒரு வரி எழுதி அனுப்பும் டாக்டர்களாகிய எங்கள் வழக்கத்தின் மீது எனக்கே கோபம் உண்டு. மாத்திரை என்றால் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று எழுதுகிற நாங்கள், நடைக்கு மட்டும் அளவும் வேளையும் எழுதுவதில்லை. ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கும் வெளிநோயாளர் வரிசையில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கும் இடமில்லை.

மிதமான உழைப்பு என்பதை அளக்கக் கருவி தேவையில்லை. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் ஒரு தாலாட்டுப் பாடச் சொன்னால் பாட முடியக் கூடாது. பாட முடிகிறது என்றால் வேகம் போதவில்லை. வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்று பலரும் கேட்பார்கள். வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய தரையை, குனிந்து துடைப்பதும் தண்ணீர்க்குடம் தூக்குவதும் ஓரளவுக்குக் கணக்கில் சேரும். அடுப்படியில் மூன்று மணி நேரம் நிற்பது களைப்பைத் தருமே ஒழிய இதயத்துக்குப் பயிற்சி ஆகாது.

இனி உங்கள் வாரத்துக்கு வருவோம். ஆலையில் மதியச் சாப்பாடு முடிந்ததும் 10 நிமிடம் நடங்கள். நெல் காயப்போடும் களத்தில் உச்சிவெயிலில் நடக்கச் சொல்லவில்லை. குடோன் சுவரின் நிழல் விழும் பக்கமாகப் போய்த் திரும்புங்கள். முதல் வாரம் சுமை தூக்குபவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், இரண்டாம் வாரம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரவு உணவுக்குப் பிறகு இன்னொரு 10 நிமிடம். ஆறு நாளில் இதுவே 120 நிமிடம் ஆகிவிடுகிறது. ஞாயிறு காலை பிள்ளைகளோடு ஒரு 40 நிமிட நடை. கூட்டிப் பாருங்கள், 160. சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பதில் உங்களுக்குக் கூடுதல் ஆதாயமும் உண்டு. உணவிலிருந்து இரத்தத்துக்கு ஏறும் சர்க்கரையை அந்த நேரத்தில் வேலை செய்யும் கால் தசைகள் வாங்கிக்கொள்கின்றன.

இரவில் தெருவில் நடப்பது எங்கே என்று நீங்கள் கேட்பது நியாயம். நடைமேடை இருக்க வேண்டிய இடத்தில் கடைப் பலகையும் இருசக்கர வாகனமும் நிற்கின்றன. மிச்ச இடத்தில் நாய்கள். அரசு 2023-இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது நல்ல காரியம்தான். ஆனால் இரவு எட்டரைக்குக் கை கழுவிவிட்டு நிற்கும் பெண்ணுக்கு வேண்டியது மாவட்டத்துக்கு ஒரு பாதை அல்ல, தன் தெருமுனை வரை பயமில்லாமல் போய்வர ஒரு விளக்கும் ஒரு நடைமேடையும். அது வரும் வரை வீட்டுக்குள் நடங்கள். நீங்கள் பழைய வீடு ஒன்றின் பகுதியில் குடியிருந்தால் உங்களுக்கு யோகம். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் மறு தெருவிலும் இருக்கும் நம் செட்டிநாட்டு வீடுகளில் முன்வாசலிலிருந்து கடைசிக் கட்டு வரை 120 அடி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 14 முறை போய்த் திரும்பினால் ஒரு கிலோமீட்டர். ஆத்தங்குடிக் கல் (வழவழப்பான பூவேலைத் தரைக்கல்) பாவிய தரையில் ஈரம் இருந்தாலும், காலுறையோடு நடந்தாலும் வழுக்கும்; பிடிப்புள்ள செருப்பு அணிந்துகொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடப்பதையே விட்டுவிட வேண்டும். ஆண்டு முழுவதும் நடக்காமல் இருந்துவிட்டுத் தைப்பூசத்துக்குக் காவடிகளோடு பழநிக்கு நடந்து, பாதத்தில் புண்ணோடு வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தே இதைச் சொல்கிறேன்.

வலுவூட்டும் பயிற்சிக்குப் புதனும் சனியும் காலையில் குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் 10 நிமிடம் போதும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் இரு கைகளையும் ஊன்றி 10 முறை சாய்ந்து நிமிருங்கள். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு 15 முறை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். மூன்றையும் இரண்டு சுற்று. எளிதாகிவிட்டால் நாற்காலிக்குப் பதில் தாழ்வான திண்ணையிலிருந்து எழுங்கள். எளிதான பிறகும் அதையே செய்துகொண்டிருந்தால் தசை வளராது.

ஞாயிறு மட்டும் ஏன் ஆகாது என்றால், ஒரு முறை நடந்ததால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் நிலை ஏறக்குறைய ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் நிற்கும். செவ்வாய்க்கிழமைக்குள் ஞாயிற்றுக்கிழமை செலவாகிவிடும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்பதுதான் சர்க்கரை உள்ளவர்களுக்கான விதி.

இப்போது ஜிம் விஷயம். 14,000 ரூபாயும் மாதம் 3,000 வீதம் பவுடருக்கு 36,000 ரூபாயும் சேர்த்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாய். ஆண்டுச் சந்தா என்ற ஏற்பாடே, சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் நின்றுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஓடுகிறது. எல்லோரும் தவறாமல் வந்தால் அந்த அறையில் நிற்க இடம் இருக்காது. இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பும் நீங்கள் எத்தனை நாள் போவீர்கள் என்பது பணம் வாங்குபவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். பின்னொரு நாள் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் மாதக் கட்டணத்தில் சேருங்கள். 'இன்றைக்கே கட்டினால் பாதி விலை' என்பவரிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். நம் நாட்டில் மருத்துவருக்கு உள்ளது போன்ற கட்டாயப் பதிவு ஜிம் பயிற்சியாளருக்குக் கிடையாது. பனியனில் 'டிரெய்னர்' என்று எழுதியிருப்பது பனியன் தைத்தவர் கொடுத்த பட்டம்.

பவுடர் அதைவிட மோசம். பரிந்துரைப்பவருக்கு ஒவ்வொரு டப்பாவிலும் பங்கு உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அதைச் சுற்றிச் சொல்லப்படும் விஞ்ஞானம் எல்லாம் தெளிவாகப் புரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். உங்கள் 66 கிலோவுக்கு ஏறக்குறைய 55 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. மிச்சத்தைப் பருப்பு, சுண்டல், தயிர், மீன் ஆகியவற்றிலிருந்து எடுக்க முடியாத வீடு செட்டிநாட்டில் இருக்கிறதா? குறைவது புரதம் அல்ல. பணியாரத்துக்கும் சீயத்துக்கும் நடுவில் அதற்கு இடம் விடாமல் இருப்பதுதான் குறை. பவுடருக்கு அடுத்தபடியாக 'கொழுப்புக் கரைப்பான்' காப்சூல் வரும், பிறகு வியர்வை பெல்ட் வரும், பிறகு பக்கத்து வீட்டுக்காரரே எடை குறைக்கும் பானத்தோடு கதவைத் தட்டுவார். எடை குறைப்புப் பொருள்களில் அறிவிக்காமல் மருந்து கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையை விட்டு நீக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற எடை குறைப்பு மருந்து அதன் பிறகும் இப்படிப்பட்ட டப்பாக்களில் தென்பட்டது. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 14 இலக்க எண் இருக்கிறதே என்பார்கள். அது உணவு விற்பதற்கான உரிமம். சர்க்கரையைக் குறைக்கும் என்பதற்கான சான்று அல்ல. அப்படிச் சொல்பவரிடம் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மேலே சொன்னவற்றுக்கெல்லாம் ஒரு விலக்கு இருக்கிறது. நீங்கள் எடுக்கும் மாத்திரையின் பெயரை எழுதவில்லை, ஆகவே இதைப் பொறுமையாகப் படியுங்கள். அது மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நடப்பதால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது மிக அரிது. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டாலோ நிலைமை வேறு. 'ஒரே மாத்திரைதான் சார்' என்று சொல்பவர்களின் கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டு மருந்துகள் சேர்ந்த மாத்திரை. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் முதலில் கிளிமிபிரைடு, அதன் கீழே மெட்ஃபார்மின் என்று அச்சிட்டிருக்கும். அந்த முதல் மருந்து, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்கவைக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, நடக்கவும் நடந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். நான் மதியமும் இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஞாயிறு காலையில் மாத்திரையும் பலகாரமும் முடித்த பிறகே கிளம்புங்கள்.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல் இவை அடையாளங்கள். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் போன்றவற்றை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோய் வியர்வை மட்டுமே தெரியலாம். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், அல்லது கருவி கையில் இல்லாமல் சந்தேகம் வந்தாலே, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. கைப்பையில் தேன்குழலும் சீப்புச் சீடையும் வைத்திருக்கிறேன் என்பீர்கள். எண்ணெய்ப் பலகாரத்திலிருந்து சர்க்கரை இரத்தத்துக்குப் போகத் தாமதமாகும், அந்த நேரத்துக்கு அது உதவாது. பொட்டலமாகச் சர்க்கரையோ குளுக்கோஸோதான் பையில் இருக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் நடக்கப்போகும் வேளையில் தொடையில் ஊசி போட வேண்டாம். வேலை செய்யும் காலிலிருந்து மருந்து வேகமாக ஏறிவிடும். பயந்துகொண்டு நடக்கும் நாளில் மட்டும் நீங்களாகவே மாத்திரையை விடுவதும் கூடாது. ஒரு மாதம் ஒழுங்காக நடந்த பிறகு மருந்தின் அளவையே குறைக்க வேண்டிவரலாம். அதை உங்கள் டாக்டர் செய்ய வேண்டும், அதற்கு நீங்கள் நடக்கத் தொடங்கியிருப்பதை அவரிடம் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும், அவர்களுக்கு நாளொன்றுக்கு 60 நிமிட ஓடியாட்டம் தேவை. தேர்வு வந்தால் உடற்கல்வி வேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்ளும் பள்ளியை நம்பி இருக்காதீர்கள். இரவு நடையில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாமியாரும் உங்களோடு முகப்பு வரை வந்து திரும்பட்டும். நாற்காலியிலிருந்து எழும் பயிற்சி அந்த வயதில் விழாமல் இருக்க உதவும். அவருக்கும் சர்க்கரை மாத்திரை உண்டு என்றால், தொடங்கும் முன் அவருடைய அட்டையின் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள்.