ஆண்ட்ராய்டா, ஐபோனா? முதல் ஸ்மார்ட்போன் வாங்குவோருக்கான கேள்வி – பதில்

சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதுவரை பட்டன் போன்தான் வைத்திருக்கிறேன். ஓய்வூதியம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்க்கவும், பேரப்பிள்ளைகளுடன் வீடியோவில் பேசவும் ஸ்மார்ட்போன் வாங்க எண்ணுகிறேன். உடனிருக்கும் மகன் ஆண்ட்ராய்டு போதும் என்கிறான். பெங்களூரில் வேலை பார்க்கும் மகளோ, ஐபோன்தான் பாதுகாப்பானது, வயதானவர்களுக்கும் எளிது என்கிறாள். பதினைந்தாயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின்னாகச் செலவழிக்க முடியும். எதை வாங்கலாம்?
— ஒரு வாசகி, கரூர்

உங்கள் பிள்ளைகள் இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் தொகையே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. ஐபோனின் இயங்குதளமான (போனை இயக்கும் அடிப்படை மென்பொருளான) ஐஓஎஸ், ஆப்பிள் நிறுவனத்தின் சொந்தக் கருவிகளில் மட்டுமே இயங்கும்; வேறு எந்தத் தயாரிப்பாளருக்கும் அந்நிறுவனம் அதைத் தருவதில்லை. 2025 பிப்ரவரியில், ஆப்பிளின் புதிய வரிசையிலேயே விலை குறைந்த மாடலாக அறிமுகமான ஐபோன் 16இ கூட இந்தியாவில் 59,900 ரூபாய்க்குத்தான் விற்பனைக்கு வந்தது. கூகுளின் ஆண்ட்ராய்டு அப்படியல்ல. அதன் அடிப்படை நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால் சாம்சங், ரெட்மி, விவோ, ஒப்போ, மோட்டோரோலா எனப் பல நிறுவனங்கள் அதைத் தத்தம் விருப்பப்படி மாற்றியமைத்து, பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவான போனிலிருந்து ஒரு லட்சத்தைத் தாண்டும் போன் வரை எல்லாவற்றிலும் போட்டு விற்கின்றன. ஆகவே உங்கள் கையிலுள்ள பணத்துக்குப் புதிய போன் என்றால் அது ஆண்ட்ராய்டுதான். எந்த ஆண்ட்ராய்டு என்பதில்தான் நீங்கள் நிதானிக்க வேண்டும்.

கடைக்காரர் கேமராவின் மெகாபிக்சலையும் ரேமின் அளவையும் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது, இந்த மாடலுக்குப் பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டுகள் வரும் என்பது. இயங்குதளத்தில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுவதும் அவை அடைக்கப்படுவதும் மாதந்தோறும் நடக்கும் வேலை. ஐபோனில் அந்தத் திருத்தத்தை ஆப்பிளே எழுதி, ஆதரவில் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடுகிறது. ஆண்ட்ராய்டில் கூகுள் எழுதும் திருத்தத்தைப் போன் தயாரிப்பாளர் வாங்கி, தான் மாற்றியமைத்த வடிவத்துக்குப் பொருத்தி, ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாகச் சோதித்து அனுப்ப வேண்டியிருக்கிறது. விலை மலிவான மாடலுக்காக இந்த உழைப்பை நெடுநாள் தொடர நிறுவனங்கள் விரும்புவதில்லை. அதனால்தான் 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், 2024இல் வெளியான ஐஓஎஸ் 18ஐப் பெற்றபோது, அதே காலத்தில் விற்ற மலிவு விலை ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டிருந்தன. உங்கள் மகள் பாதுகாப்பு என்று சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

அண்மைக்காலத்தில் இந்த இடைவெளி குறைந்திருக்கிறது. கூகுள் 2023இல் தன் பிக்சல் 8 போனுக்கும், சாம்சங் 2024 தொடக்கத்தில் எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தன. அவை உங்கள் விலையில் இல்லை. ஆனால் அதே 2024இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 மாடலுக்கு ஆறு ஆண்டுகள் என்று உறுதியளிக்கப்பட்டதே, அதுதான் உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல செய்தி. அந்த வரிசையில் பின்னர் வந்தவற்றையும், பிற நிறுவனங்களின் இதே விலைப் போன்களையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஆண்டுக் கணக்கு அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அன்று. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடலில் ஆண்டுகள் சில முன்பே கழிந்திருக்கும்.

எளிமையைப் பொறுத்தவரை, சாம்சங் போன்களில் எழுத்தையும் சின்னங்களையும் பெரிதாக்கிக் காட்டும் எளிய முறை ஒன்று இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி எல்லா ஆண்ட்ராய்டிலும் உண்டு. எனினும் முதல் சில மாதங்களில் உங்களுக்கு எளிமையைத் தரப்போவது இயங்குதளத்தைக் காட்டிலும் அருகில் இருக்கும் மனிதர்தான் என்பது என் கருத்து. யு.பி.ஐ. பதிவின்போது எந்த சிம்மிலிருந்து எஸ்.எம்.எஸ். போக வேண்டும், எந்த அனுமதியை மறுக்க வேண்டும் என்பதையெல்லாம் கூட அமர்ந்து காட்டுபவர் உங்கள் மகன். அவர் நாள்தோறும் கையாளும் இயங்குதளத்தையே நீங்களும் வைத்திருப்பது நல்லது. மகளுடனும் பேரப்பிள்ளைகளுடனும் வாட்ஸ்அப்பில் பேசலாம். ஆப்பிளின் வீடியோ அழைப்புச் செயலியான ஃபேஸ்டைமை ஆண்ட்ராய்டில் நிறுவ முடியாது என்பதை மட்டும் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

போன் வாங்கிய அன்றே மகனிடம் இரண்டு வேலைகளைக் கொடுங்கள். பூட்டுத்திரையில் தானாக வந்து நிற்கும் செய்திப் படங்களையும் விளம்பரங்களையும் அவர் அமைப்புகளுக்குள் சென்று நிறுத்தட்டும். கேட்காமலே நிறுவப்பட்டிருக்கும் விளையாட்டு, கடன், ஷாப்பிங் செயலிகளை நீக்கட்டும். மலிவு விலைப் போன்களின் இலாபத்தில் ஒரு பங்கு இவற்றிலிருந்துதான் வருகிறது. ஐபோனில் இந்தத் தொல்லை இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஜியோபோனில் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தேன், நின்றுவிட்டது. ஆண்ட்ராய்டும் ஐபோனும் தவிர மூன்றாவதாக ஒன்று இல்லவே இல்லையா?
— ஒரு வாசகர், அறந்தாங்கி

நீங்கள் வைத்திருப்பதே அந்த மூன்றாவதுதான். 2017இல் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்குக் கிடைத்த ஜியோபோனில் இருப்பது காய்ஓஎஸ் என்னும் இயங்குதளம். மொசில்லா நிறுவனம் தொடங்கிக் கைவிட்ட ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ஸின் வழிவந்தது. 2024 ஜூனில் காய்ஓஎஸ்ஸின் செயலிக் கடையிலிருந்து வாட்ஸ்அப் விலக்கப்பட்டது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கும் 2025இன் தொடக்கம் வரையே அவகாசம் தரப்பட்டது. உங்கள் போனில் பழுது ஏதுமில்லை.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. நோக்கியாவின் கைபேசித் தொழிலையே 2014இல் விலைக்கு வாங்கிய மைக்ரோசாஃப்ட், தன் விண்டோஸ் போனை நிலைநிறுத்த முடியாமல் தோற்றது. 2019 முடிவோடு அதில் வாட்ஸ்அப்பும் நின்றது. ஒரு காலத்தில் அதிகாரிகளின் இடுப்பில் தொங்கிய பிளாக்பெர்ரியின் பழைய இயங்குதளங்களுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4ஆம் தேதி நிறுத்தப்பட்டன. ஆட்கள் குறைவாக இருக்கும் தளத்துக்குச் செயலி எழுத வங்கியோ வாட்ஸ்அப்போ செலவழிப்பதில்லை. செயலி இல்லாத தளத்துக்கு ஆட்கள் வருவதில்லை. சீனாவில் ஹுவாவே நிறுவனம் ஹார்மனிஓஎஸ் என்பதை வளர்த்து வருகிறது. 2024இல் வந்த அதன் புதிய பதிப்பில் ஆண்ட்ராய்டு செயலிகள் இயங்குவதில்லை என்பதால், இங்குள்ள வங்கிச் செயலிகளை நம்பியிருப்பவருக்கு அது பயன்படாது.

பணம் அனுப்புவது மட்டுமே தேவை என்றால் பட்டன் போனிலேயே இருந்துவிடலாம். இணையம் இல்லாத போன்களுக்கென்று 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. 123பே சேவை இருக்கிறது. வாட்ஸ்அப் வேண்டும் என்றால் இனி ஆண்ட்ராய்டோ ஐபோனோதான் வழி.

கல்லூரியில் சேரப்போகும் மகன், பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டில் ஐபோன் எக்ஸ் கிடைக்கிறது என்கிறான். புதிய ஆண்ட்ராய்டைவிடப் பழைய ஐபோன் மேல் என்று அவன் நண்பர்கள் சொல்கிறார்களாம். உண்மையா?
— ஒரு வாசகர், திருச்சி

நான் வாங்க மாட்டேன். ஐபோன் எக்ஸ் 2017இல் வந்த போன். 2022இல் வெளியான ஐஓஎஸ் 16 வரைதான் அதற்குக் கிடைத்தது; 2023இல் ஐஓஎஸ் 17 வந்தபோது அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஐபோனின் பெரும் வலிமையாக மேலே சொன்ன நீண்டகால அப்டேட்டை முழுவதும் செலவழித்துவிட்ட ஒரு கருவியையே உங்கள் மகன் கேட்கிறார். செயலிகளும் படிப்படியாகக் கைவிடும். 2025 மே மாதத்திலிருந்து ஐஓஎஸ் 15.1க்குக் கீழே உள்ள போன்களில் வாட்ஸ்அப் இயங்குவதில்லை. ஐபோன் 5எஸ், ஐபோன் 6 ஆகியவை அப்படித்தான் வெளியேறின. இதே வரிசையில் எக்ஸும் ஒரு நாள் வந்து நிற்கும். பேட்டரியும் முதுமை அடைந்திருக்கும். அதை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

நண்பர்கள் நடுவே ஆப்பிள் சின்னத்துக்கு இருக்கும் மதிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. அதற்கு மேல் நீங்கள் இசைந்தே ஆக வேண்டும் என்றால், விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை முழுவதும் அழித்துத் தருவதை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். அந்தக் கணக்கின் பூட்டு நீங்காத ஐபோனை வேறு எவராலும் பயன்படுத்த முடியாது. *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்தால், திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்பதும் தெரிந்துவிடும். இந்தச் சோதனை எந்த செகண்ட் ஹேண்ட் போனுக்கும் பொருந்தும்.

ஐபோனில் தமிழ் சரியாக வராது என்கிறார்களே?
— ஒரு வாசகி, மதுரை

தமிழில் எழுதுவதைப் பற்றியது என்றால் அது பழைய கதை. 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளும் ஐபோனிலேயே உள்ளன. திரையில் வரும் கட்டளைகள் தமிழில் இருக்க வேண்டும் என்பதில்தான் ஆப்பிள் வெகுகாலம் பின்தங்கியிருந்தது. 2025 மார்ச் இறுதியில் வந்த ஐஓஎஸ் 18.4 பதிப்பில்தான் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகள் போனின் முழுமையான திரை மொழிகளாகச் சேர்க்கப்பட்டன. ஆண்ட்ராய்டில் இந்த வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. பேசினால் தமிழில் எழுதிக்கொள்ளும் வசதியையும் கூகுள் 2017 ஆகஸ்டிலேயே கொண்டுவந்துவிட்டது. தட்டச்சுப் பழக்கம் இல்லாத பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. போனைத் தமிழுக்கு மாற்றினாலும் வங்கிச் செயலிகள் பல ஆங்கிலத்திலேயே திறக்கும். அது அந்தந்த வங்கியின் குறை. எந்த இயங்குதளம் வாங்கினாலும் அது தீராது.

ஐபோன் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாராகிறதே, நமக்கு விலை குறையாதா?
— ஒரு வாசகர், காஞ்சிபுரம்

அங்கே ஃபாக்ஸ்கான் ஆலையில் 2019 முதல் ஐபோன்கள் கோக்கப்படுவது உண்மைதான். ஆனால் நாடு முழுவதற்கும் விலை ஒன்றே. கோத்த கைகளின் ஊருக்கென்று தனி விலை கிடையாது. பண்டிகைக் காலத் தள்ளுபடிக்குக் காத்திருப்பதே பயன் தரும்.

ஆண்ட்ராய்டு என்றாலே பணம் திருடு போகும் என்று அஞ்சுகிறேன். அந்த அச்சம் சரியா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

அச்சத்தில் பாதி சரி. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராத ரசீது, அரசு உதவித்தொகை என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வந்து சேரும் கோப்புகளைக் கவனியுங்கள். கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்ற எழுத்துகளில் முடிந்தால் அது அழைப்பிதழ் அன்று, ஒரு செயலி. அதைத் திறந்து, போன் தரும் எச்சரிக்கையையும் மீறி நிறுவினால், உங்களுக்கு வரும் எஸ்.எம்.எஸ்.களைப் படித்து ஓ.டி.பி.யைத் திருடுபவனுக்கு நீங்களே வாசலைத் திறந்துவிட்டதாகும். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்தும் செயலிகளை நிறுவ ஆண்ட்ராய்டு இடம் தருவதால்தான் இந்த வழி திறந்திருக்கிறது. இந்தியாவில் விற்கும் ஐபோனில் சாதாரணப் பயனாளர் ஒருவர் ஆப் ஸ்டோருக்கு வெளியே எதையும் இப்படி நிறுவிவிட முடியாது என்பதால் இந்தக் குறிப்பிட்ட ஏமாற்றுக்கு அது எளிதில் இரையாவதில்லை.

ஆனால் வங்கி மேலாளர் பேசுகிறேன் என்று ஒருவன் அழைத்து, நீங்களே ஓ.டி.பி.யை வாசித்துக் காட்டினால் ஐபோனும் காப்பாற்றாது. பிளே ஸ்டோரைத் தவிர வேறெங்கிருந்தும் செயலி நிறுவாமல், அப்டேட் வந்த அன்றே போட்டுக்கொள்பவருக்கு ஆண்ட்ராய்டு போதிய அளவு பாதுகாப்பானதே. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்தக் கணமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் வேறு வேறு கணக்குகளுக்கு நகர்ந்துவிடும்.

இப்போது ஆண்ட்ராய்டு வாங்கிவிட்டுப் பிறகு ஐபோனுக்கு மாறினால் எல்லாம் அழிந்துவிடுமா?
— ஒரு வாசகி, ஈரோடு

அழியாது. ஆப்பிள் வெளியிட்டிருக்கும் மூவ் டு ஐஓஎஸ் செயலி தொடர்பு எண்களையும் படங்களையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். வாட்ஸ்அப் உரையாடல்களையும் 2022 முதல் அவ்வழியே மாற்றலாம். புதிய ஐபோனை முதன்முதலாகத் தொடங்கும்போதே இதைச் செய்துவிடுவது எளிது. பயன்படுத்தத் தொடங்கிய பிறகு என்றால் போனை அழித்து மறுபடி தொடங்கவேண்டி வரும். காசு கொடுத்து வாங்கிய செயலிகளை மட்டும் மறுபடி வாங்க வேண்டும். இலவச இணையச் சேமிப்பும் குறையும்: கூகுள் 15 ஜி.பி. தருகிறது, ஆப்பிள் 5 ஜி.பி.தான் தருகிறது. எண்களை சிம்மிலோ போனிலோ சேமிக்காமல் இப்போதே கூகுள் கணக்கில் சேமித்து வாருங்கள். அந்தக் கணக்கை ஐபோனிலும் சேர்த்துக்கொள்ளலாம்.