கொலோசியம் பார்த்தவருக்கு எல் ஜெம் எதற்கு?

கேள்வி: ரோமில் கொலோசியம் பார்த்தாகிவிட்டது. அடுத்து துனிசியா போகிறோம். எல் ஜெம் என்ற ஊரிலும் அதே மாதிரி ஒரு அரங்கம் இருக்கிறதாம். இன்னொரு இடிபாட்டுக்காக ஒரு நாளை வீணாக்க வேண்டுமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: அவசியம் போங்கள். ‘அதே மாதிரி’ என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கொலோசியம் பேரரசர்கள் தலைநகரில் கட்டியது. எல் ஜெம் அரங்கம் அதற்குச் சுமார் 150 ஆண்டுகள் பிந்தியது. திஸ்ட்ரஸ் என்று அன்று அழைக்கப்பட்ட அந்த ஊருக்குச் செல்வம் சேர்த்தது ஆலிவ் எண்ணெய். வறண்ட சமவெளியில் ஆலிவ் நட்டு, எண்ணெயைக் கடல் தாண்டி விற்றுச் செழித்தவர்களின் ஊரில், ஏறத்தாழ 35,000 பேர் உட்காரும் அரங்கம் எழுந்தது. கொலோசியத்தின் நீளம் 188 மீட்டர், இது 148. ரோமப் பேரரசின் ஒரு மாகாண ஊருக்கு இது எவ்வளவு பெரிய காரியம்! அதே ஊரில்தான் கி.பி. 238இல் வரிக்கொடுமை தாங்காத நிலக்கிழார் வீட்டு இளைஞர்கள் ரோம அதிகாரியைக் கொன்றுவிட்டு, எண்பது வயதை நெருங்கிய ஆளுநர் கோர்டியனைப் பேரரசராக அறிவித்தார்கள். சில வாரங்களில் அவர் கதை முடிந்தது.

17ஆம் நூற்றாண்டு வரை அரங்கம் ஏறக்குறைய முழுதாகவே நின்றது. பிறகு உள்ளே ஒளிந்த கலகக்காரர்களை விரட்ட, அன்றைய ஆட்டோமான் துருக்கிய ஆட்சியின் படைகள் பீரங்கியால் சுட்டன. கற்களைப் பெயர்த்து ஊரார் வீடு கட்டிக்கொண்டார்கள். இன்றும் வீடுகளும் கடைகளும் அரங்கத்தை ஒட்டியே இருக்கின்றன. தெருமுனையில் திரும்பினால் 36 மீட்டர் உயரச் சுவர் சட்டென்று எதிரே நிற்கும்.

நிலவறையைத் தவறவிடாதீர்கள். கொலோசியத்தில் அதற்குத் தனிச் சீட்டு, தனி வரிசை. இங்கே நேராக இறங்கி நடக்கலாம். இருபுறமும் சிறு அறைகள். விலங்குகளையும் மனிதர்களையும் அடைத்துவைத்துக் கூண்டோடு மேலே ஏற்றிய இடம். கூட்டம் நெருக்காததால் நின்று பார்க்க முடிகிறது. உள்ளூர் அருங்காட்சியகத்தில், கட்டப்பட்ட கைதியின் மீது சிறுத்தை பாயும் தரைச்சித்திரம் ஒன்று உண்டு. பணக்கார வீட்டின் தரையை அலங்கரித்த படம் அது. நிலவறையைப் பார்த்த கையோடு அதைப் பாருங்கள். ‘விளையாட்டு’ என்று நாம் கூசாமல் எழுதுவது எதை என்று புரியும்.

தலைநகர் துனிஸிலிருந்து ஸ்ஃபாக்ஸ் நகருக்குச் செல்லும் ரயில் எல் ஜெம்மில் நிற்கும். ரயில்கள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சூஸ் நகரிலிருந்து ‘லுவாஜ்’ என்னும் பங்கு வேனும் கிடைக்கும். கோடையில் நண்பகலைத் தவிருங்கள், மேல் படிகளில் நிழல் கிடையாது. ரயில் பாதைக்கு அப்பால் இதைவிடப் பழைய சிறிய அரங்கம் ஒன்று சிதைந்து கிடக்கிறது. அங்கே அநேகமாக நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். ஒரு மணி நேரம் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவர்கள் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்க மாட்டார்கள்.