கேள்வி – பதில்: செயின் எந்தச் சக்கரத்துக்கு?

கேள்வி: ஓவியக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். முகம், மாடு, மரம் எல்லாவற்றையும் நினைவிலிருந்தே வரைந்துவிடுகிறேன். தினமும் ஓட்டும் சைக்கிளை மட்டும் பார்க்காமல் வரைய வரவில்லை. இந்தக் குறை எனக்கு மட்டும்தானா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. இத்தாலியின் போலோஞா நகரைச் சேர்ந்த வடிவமைப்பாளர் ஜியன்லூக்கா ஜிமினி, 2009ஆம் ஆண்டு முதல் நண்பர்களிடமும் முன்பின் அறியாதவர்களிடமும் தாளையும் பேனாவையும் நீட்டி, ஆண்கள் ஓட்டும் சைக்கிள் ஒன்றை உடனே வரைந்து தரும்படி கேட்டு வந்தார். 3 வயதுக் குழந்தை முதல் 88 வயது முதியவர் வரை பலரிடமிருந்து 376 படங்கள் சேர்ந்தன. அவற்றுள் பெரும்பாலானவை சைக்கிளைப் போலத் தோன்றினாலும் சைக்கிள் அல்ல. ஜிமினி அவற்றைக் கேலிப்பொருளாக்கி ஒதுக்கிவிடாமல், சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, வரைந்தவர் போட்ட கோட்டைத் திருத்தாமலேயே, உண்மையான வண்டியைப் புகைப்படம் எடுத்தது போல் கணினியில் உருவாக்கி, ‘வெலோசிபீடியா’ என்ற பெயரில் வெளியிட்டார்.

அந்தப் படங்களில் ஒரு பிழையை நீங்களும் செய்திருக்கக்கூடும். இரண்டு சக்கரங்களின் மையங்களையும் ஒரே நேர்க்குழாயால் இணைத்துவிடுவது அது. தாளில் வண்டி மிக உறுதியாகத் தெரியும். ஆனால் முன்சக்கரம் ஃப்ரேமோடு பிணைக்கப்பட்டுவிட்டால் ஹேண்டில்பாரைத் திருப்ப இயலாது. சைக்கிள் விழாமல் ஓடுவதே ஹேண்டில்பாரை நாம் இடைவிடாமல் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டிருப்பதால்தான் என்பதால், அந்த வண்டி நேர்ச்சாலையிலும் சில அடிகளில் சாய்ந்துவிடும். செயினை முன்சக்கரம்வரை இழுத்துச் சுற்றியவர்களும் உண்டு.

லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர் ரெபெக்கா லாசன் 2006இல் வெளியிட்ட ஆய்விலும், சைக்கிள் ஓட்டாதவர்களில் 40 சதவீதத்துக்கும் மேலானோர் ஃப்ரேம், பெடல், செயின் ஆகியவற்றின் இடத்தைத் தவறாகவே காட்டினர். பெடல் மிதிக்கக் கால் போதும். எந்தக் குழாய் எதைத் தாங்குகிறது என்று கண் கவனிக்க வேண்டியதில்லை. குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள் இதற்கு விதிவிலக்காக இருக்கலாம் என்பது என் ஊகம்: ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் காலை நுழைத்து ஓட்டியவருக்கு, ‘பார்’ எங்கே இருக்கிறது என்பதை முழங்காலே சொல்லிக்கொடுத்திருக்கும்.

கேள்வி: கலைஞனுக்கு இயந்திரத் துல்லியம் எதற்கு? பெரிய ஓவியர்கள் செயினையும் பல்சக்கரத்தையும் பார்த்துக்கொண்டா இருந்தார்கள்? – வாசகர், மதுரை

பதில்: பார்க்காததால் ஒரு பெரிய ஓவியருக்கே வேலை திரும்பி வந்திருக்கிறது. 1896இல் சிம்ப்சன் நிறுவனத்தின் புதுவகைச் செயினுக்காக, பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக் ஒரு சுவரொட்டி வரைந்தார். வேல்ஸ் நாட்டு வீரர் ஜிம்மி மைக்கேல், தம் வழக்கப்படி வாயில் பல்குச்சியைக் கடித்தபடி வண்டியில் செல்கிறார். பயிற்சியாளர் வார்பர்ட்டன் பைக்குள் எதையோ தேடிக் குனிந்திருக்கிறார். செயினும் பெடலும் சரியாக வரையப்படவில்லை என்று விளம்பரதாரர் அதை மறுத்துவிட்டார். அவர் விற்க வந்ததே செயின் என்னும்போது, அதில் பிழை இருந்தால் அவர் எப்படி ஏற்பார்? லோத்ரெக் அந்தப் படத்தைத் தம் செலவிலேயே அச்சிட்டுக்கொண்டு, கான்ஸ்டன்ட் ஹ்யூரே என்னும் வீரரை முன்நிறுத்தி, செயின் பளிச்சென்று தெரியும்படி இரண்டாவது சுவரொட்டியை வரைந்து கொடுத்தார். விளம்பரமாக இரண்டாவது வென்றது. எனக்குப் பிடித்தது அந்தப் பல்குச்சிக்காரர்தான். சிம்ப்சன் செயினோ சில ஆண்டுகளில் சந்தையிலிருந்தே மறைந்துவிட்டது.

அதே காலத்தில் கிளேடியேட்டர் சைக்கிளுக்கு வந்த சுவரொட்டியில், ஆடையற்ற ஒரு பெண் இறக்கை முளைத்த பெடல்களுடன் கூடிய வண்டியோடு நட்சத்திர வானில் பறக்கிறாள். அங்கே செயினை யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. எதை விற்கிறோம் என்பதைப் பொறுத்தது துல்லியம்.

கேள்வி: சைக்கிளை எங்கிருந்து வரையத் தொடங்க வேண்டும்? – வாசகர், கோவில்பட்டி

பதில்: சக்கரங்களுக்கு அடுத்தபடியாகப் பெடல் அச்சிலிருந்து தொடங்குங்கள். அது பொதுவாக இரு சக்கர மையங்களையும் இணைக்கும் கற்பனைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும். அங்கிருந்து சீட்டுக்கு ஒரு குழாய், முன்புறத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என்று பிரித்தால் ஃப்ரேம் தானாகவே அமைந்துவிடும். முன்சக்கரத்தை, அதை இருபுறமும் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க் மட்டுமே தொட வேண்டும். அதன் நுனி முன்னோக்கிச் சற்று வளைந்திருக்கும். ஸ்போக்ஸ் கம்பிகளை மையத்திலிருந்து நேராகப் பாய்ச்சினால் மாட்டுவண்டிச் சக்கரம் போலாகிவிடும். வழக்கமான சைக்கிளில் அவை சக்கரத்தின் நடு உருளையான ஹப்பின் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் கிளம்பி, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு ரிம்மை அடைகின்றன. செயின் இழுக்கும் விசையைப் பின்சக்கரம் தாங்குவது அந்தச் சாய்வினால்தான்.